ஆமாங்க வாங்கும் மனிதர்

யாருடைய நெற்றியைத் தொட்டாலும் அடுத்த கணமே அவர் கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். கூட்டத்துக்கு அது தெரியாது. கைக்குட்டை இடது கைக்குள் சுருண்டிருக்கும். துடைத்ததும் முஷ்டிக்குள் மறைந்துவிடும். நான் மேடைக்குப் பக்கவாட்டில், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். அதனால் எனக்குத் தெரியும். வெள்ளையாக வந்த துணி நிகழ்ச்சி முடியும்போது திருநீறும் குங்குமமும் வேர்வையுமாகக் கலங்கிப் போயிருக்கும். வேனில் ஏறுவதற்கு முன் அதை ரோட்டோரச் சாக்கடைக் கானில் எறிந்துவிடுவார். ஒரு தோட்டத்துக்கு ஒரு கைக்குட்டை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. நோட்டீசுகளில் பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று போட்டுக்கொள்வார். எங்கே, எதைப் படிப்பித்தார் என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் புரொபசர் என்றே கூப்பிட்டோம். தோட்டங்களில் கோயில் திருவிழா என்றாலும் விளையாட்டுப் போட்டி என்றாலும் பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் அவருடைய ஹிப்னாடிசம் இருக்கும். பதுளையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் எனக்கு வேலை. கடை முதலாளியை நானா என்று கூப்பிடுவோம். புரொபசருக்கு எங்கள் கடை செட்தான் வேண்டும். செட்டோடு நானும் வர வேண்டும். "இவன் வாயே தெறக்க மாட்டான். எனக்கு இப்படி ஆள்தான் வேணும்" என்று நானாவிடம் சொன்னாராம். நானா அதை ஒரு பாராட்டுப் போல என்னிடம் சொன்னார்.

நான் அதிகம் பேசாதவன் என்பது உண்மைதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழாது. ஆனால் காது நன்றாக வேலை செய்யும். செட்காரனுக்குக் காதுதான் முதல்.

அவருடைய குரல் நல்ல குரல். அதை மறுக்க முடியாது. கம்பளிக்குள் கையை விட்டது போல ஒரு சூடு இருக்கும். "எக்கோவ எடுத்துரு" என்பார் என்னிடம். "எக்கோ இருந்தா சாமியார்னு நெனச்சிருவாங்க. நான் டொக்டர் மாதிரிக் கேக்கணும்." கூட்டத்துக்குக் கேட்டது அந்தச் சூடு மட்டும். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த எனக்கு வேறொன்றும் கேட்டது. கராம்பு மெல்லும் சத்தம், உதடு எச்சிலில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம், யாராவது கண்ணை மூடியதும் மூக்கு வழியாக வரும் ஒரு சின்ன மூச்சு. நல்ல சாப்பாட்டைக் கண்டவன் விடும் மூச்சு அது. வீட்டுக்கு வந்து காதைக் கழுவுவேன். சிரிப்பாக இருக்கலாம். உண்மையாகவே கழுவுவேன்.

நிகழ்ச்சியை எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்.

"இது மந்திரம் இல்ல. மாயம் இல்ல. பேய் பிசாசு இல்ல. லுணுகலையில இருந்து பஸ்ஸுல வர்றீங்க. ஜன்னலோரம் ஒக்காந்து எதையோ நெனச்சுக்கிட்டே வர்றீங்க. எறங்க வேண்டிய எடம் தாண்டிப் போயிருது. கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. தூங்கவும் இல்ல. ஆனா எடம் போனது தெரியல. இப்படி ஆயிருக்கு. ஆமாவா?"

கூட்டம் சிரித்துக்கொண்டே "ஆமாங்க" என்னும்.

"அம்புட்டுத்தான் ஹிப்னாடிசம். மனசு ஒரு எடத்துல போய் நிக்கும். மத்ததெல்லாம் தள்ளிப் போயிரும். நான் ஜன்னலக் காட்டுறவன். பாக்குறது நீங்க."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவரிடம் எனக்கு அருவருப்பே அதனால்தான். பொய் சொல்லிப் பிழைக்கும் ஆளாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அடுத்து எல்லாரையும் விரல்களைக் கோத்து இறுக்கச் சொல்வார். பசை போட்டது போல ஒட்டிவிட்டது, இனி எடுக்க வராது என்று மெல்லிய குரலில் திரும்பத் திரும்பச் சொல்வார். பிறகு எடுக்கச் சொல்வார். பெரும்பாலானவர்கள் எடுத்துவிடுவார்கள். இங்கொருவர் அங்கொருவர் எடுக்க முடியாமல் திணறுவார்கள். அவர்களைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார். மயங்கக்கூடியவர்களைக் கூட்டமே பொறுக்கிக் கொடுத்துவிடுகிறது என்பது எனக்குப் பல நிகழ்ச்சிகளுக்குப் பிறகுதான் விளங்கியது.

மேடையில் வேலை ஆமாவில் தொடங்கும். "நாற்காலியில ஒக்காந்திருக்கீங்க. ஆமாவா?" ஆமாங்க. "கால் தரையில இருக்கு. ஆமாவா?" ஆமாங்க. "மூச்சு உள்ள போகுது, வெளிய வருது. ஆமாவா?" ஆமாங்க. அவர்கள் மூச்சு விடும்போது தானும் விடுவார். பிறகு தன் மூச்சை மெதுவாக்குவார், அவர்களுடையதும் மெதுவாகும். நான் அதை ஹெட்போனில் கேட்டிருக்கிறேன், இரண்டு மூச்சும் ஒரு மூச்சாகும் இடத்தை. அதற்குப் பிறகு, "இமை கனமா இருக்கு. ஆமாவா?" என்பார். உண்மைகளுக்கு ஆமாம் போட்டுப் பழகிய வாய் இதற்கும் போட்டுவிடும். வாய் சொன்னதை இமை கேட்கும்.

மேடைக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். யாராவது ‘இல்லை’ என்று மறுத்துச் சொல்வதை அவரால் தாங்க முடியாது. அதனால் இல்லை வர முடியாத மாதிரியே பேசுவார். ஹாலிஎலையில் ஒரு தேநீர்க் கடையில் ஒருமுறை நடந்தது. "இந்த வடை காலையில சுட்டது. ஆமாவா?" "ஆமாங்க." "இப்ப ஆறிப் போச்சு. ஆமாவா?" "ஆமாங்க." "ஆறுன வடைய விருந்தாளிக்கு வைக்க உங்களுக்கே மனசு வராது. ஆமாவா?" கடைக்காரர் ஆமாங்க என்றார். சொல்லிவிட்டு அடுப்பை மூட்டிப் புதிதாகச் சுடத் தொடங்கினார். எண்ணெய் காயும்வரை, தான் ஏன் இதைச் செய்கிறோம் என்ற யோசனை அவர் முகத்தில் இருந்தது. புரொபசர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சூடான வடையில் ஒன்றைப் பாதி கடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

எங்கள் மக்களிடம் ஆமாங்க வாங்குவது பெரிய காரியமில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்பார்கள். இன்றைக்கு எந்த மலை, எத்தனை கிலோ என்று சொல்லப்படும். ஆமாங்க. கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று நிறையைக் குறைப்பார்கள். ஆமாங்க. அவருக்கு இது நன்றாகத் தெரியும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வேனில் திரும்பும்போது ஒருநாள் முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்.

"டவுன்ல ஒரு ஆள மயக்குறதுக்குள்ள எனக்குத் தொண்ட வறண்டு போகும்டா. தோட்டத்துல அந்தக் கஷ்டமே இல்ல. பாதி வேலைய துரைமாரே முடிச்சு வச்சிருக்காங்க."

டிரைவர் சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அவர் தேநீர் குடிக்கமாட்டார். நிகழ்ச்சிக்கு முன்னால் யாராவது ஒரு வீட்டில் உட்கார வைப்பார்கள். இருப்பதில் நல்ல கோப்பையைத் துடைத்து, பால்மா போட்டு, தட்டில் வைத்து அந்த வீட்டுப் பெண் கொண்டுவருவாள். கோப்பையை வாங்குவார், மூக்குவரை கொண்டுபோவார், அப்படியே கீழே வைத்துவிடுவார். "நான் குடிச்சிட்டேன்னு நெனச்சுக்கங்கம்மா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஹிப்னாடிசக்காரர் அல்லவா, அது அவருடைய பகிடி. அந்தப் பெண்ணும் சிரிப்பாள். கோப்பையை உள்ளே எடுத்துப் போகும்போது சிரிப்பு நின்றிருக்கும்.

அவர் கொழும்புக்காரர் என்று சொல்லிக்கொள்வார். இருக்கலாம். ஆனால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடக்கும்போது அவர் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே போவார். விரல்கள் தாமாகவே இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும், கசக்கும், எறியும். கிள்ளும் அழகு வேறு யாருக்கும் வராது. சின்ன வயதிலேயே மலையில் நின்ற கைக்குத்தான் வரும். நான் பார்ப்பதைக் கண்டால் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார்.

அவரால் ஒரு நன்மையும் இல்லை என்று எழுதினால் அது அநியாயம். நானாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. ஊசியைக் கண்டாலே நானா எழுந்து போய்விடுவார். பல் வைத்தியரிடம் புரொபசரும் கூடப் போனார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நானாவின் காதோரம் பேசிக்கொண்டே இருந்தார். கடலோரம் நடக்கிறோம், கால் நனைகிறது, தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது, அந்தக் குளிர்ச்சி தாடைவரை ஏறுகிறது. ஊசி போட்டதும் பல் வந்ததும் பெரிதாகத் தெரியவில்லை என்று நானா கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "மனிசன்ட வாய்ல என்னமோ ஈக்குது" என்பார்.

என்னையும் ஒருநாள் பிடித்துக்கொண்டார். பெட்டிகளைத் தூக்கித் தூக்கி எனக்கு வலது தோளில் ஒரு வலி உண்டு. வேனில் வைத்துச் செய்தார். கண்ணை மூடிக்கொண்டேன். தோளில் ஒரு ஐஸ்கட்டி இருப்பதாக நினைக்கச் சொன்னார். நினைத்தேன். வலி உண்மையாகவே போனது. யாரோ பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தியது மாதிரி. நான் தூங்கவில்லை. வேன் வளைவுகளில் திரும்புவதும் டிரைவர் இருமுவதும் கேட்டன. ஆனால் அவையெல்லாம் தூரத்தில் இருந்தன. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்: "உனக்கு என்னைய ரொம்பப் புடிக்கும். ஆமாவா?"

"ஆமாங்க" என்றேன்.

அதற்கு ஒரு தேவையும் இல்லை. என் தோளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தட்டில் கிடப்பதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது போல அந்த ஆமாங்கவையும் எடுத்துக்கொண்டார். பதுளையில் இறங்கிப் பெட்டியைத் தூக்கியபோது தோள்வலி திரும்பி வந்தது. வலி மட்டும்தான் கொஞ்ச நேரம் போயிருந்தது, தோள் அப்படியேதான் இருந்தது.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததையும் எழுத வேண்டும். நடுவயதுப் பெண் ஒருத்தி. விரல் ஒட்டிக்கொண்டு மேடைக்கு வந்தவள். வழக்கமாகப் பச்சை வெங்காயத்தை அப்பிள் என்று சொல்லித் தின்ன வைப்பார். அன்றைக்கு வேறு யோசனை வந்துவிட்டது. "இப்ப மலையில நிக்கிறீங்க. முன்னுக்கு நல்ல கொழுந்து" என்றார். அவள் கண்ணை மூடியபடியே எழுந்து நின்று இரண்டு கைகளாலும் காற்றில் கொழுந்து கிள்ளத் தொடங்கினாள். கிள்ளிக் கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுப் பக்கம் போட்டாள். அங்கே கூடை இல்லை. கூட்டம் கைதட்டியது. "மழை வருது" என்றார். மழைக்குக் கட்டும் படங்குச் சாக்கை, அங்கே இல்லாததை, இழுத்து இடுப்பில் இறுக்கினாள். "அட்ட ஏறுது" என்றார். குனிந்து, சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கி, அட்டையை நகத்தால் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். அதற்குத்தான் பெரிய சிரிப்பு. முன் வரிசையில் அவள் புருசனும் சிரித்தான். ஹெட்போனில் எனக்கு அந்த மூக்கு மூச்சு கேட்டது.

நிகழ்ச்சி முடிந்து நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் மேடைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நானாகப் பேச்சுக் கொடுப்பது அபூர்வம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, தூக்கமா இருந்திச்சா?"

"தூக்கமும் இல்ல, முழிப்பும் இல்ல தம்பி. அவரு சொன்னாரு, கை போச்சு." வாயைத் துடைத்துக்கொண்டாள். "அட்டன்னு சொல்றப்போ மட்டும், போதும், நிப்பாட்டுவோம்னு தோணுச்சு. நிப்பாட்டியிருக்கலாம்."

"அப்ப ஏன்?"

"அம்புட்டுப் பேரு பாக்குறாங்க. நான் பாதியில நின்னா அவருக்கு அசிங்கமாப் போயிருமே, பாவம்."

அவருக்காக அவள் பாவம் பார்த்தாள். அந்த மனிதரின் வித்தையில் பாதி இதுதான். மூச்சும் குரலும் ஒரு பக்கம். மறுபக்கம், வந்த விருந்தாளியின் முகம் கெடக்கூடாது என்ற இந்த மனதின் மரியாதை. இரண்டையும் அவர் அறிந்திருந்தார். இரண்டாவதைப் பற்றி மைக்கில் ஒருநாளும் சொன்னதில்லை.

என் தங்கச்சி தவமணி தெமோதரைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். எங்களுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. போன வருடம் அவர்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் செட் எங்கள் கடையிலிருந்துதான் போனது, புரொபசரும் வந்தார். அந்த வாரம் அவளுக்கு வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி வந்து, பிறகு வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் குளிசை கொடுத்து, வலி விடாவிட்டால் உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். விடவில்லை. திருவிழா முடிந்த மறுநாள் நானே கூட்டிப் போவதாகப் பேசியிருந்தோம்.

அன்றைக்கு மேடை கோயில் வாசலுக்கு எதிரே இருந்தது. புரொபசர் அதைக் கவனித்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்து, "யாருக்காவது ஒடம்புல வலி இருக்கா?" என்று கேட்டார். பெண்கள் வரிசையில் சலசலப்பு. "ஏய் தவமணி, எந்திரிச்சுப் போடி. வயித்தப் புடிச்சிக்கிட்டே இருந்தியே." "போடி, ஓசியில டொக்டர் வந்திருக்காரு." தள்ளித் தள்ளி அனுப்பினார்கள். அவள் வெட்கத்தோடு மேடைக்கு வந்தாள். நான் அங்கிருப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

நாற்காலியைக் கோயில் பக்கம் திருப்பிப் போட்டார். ஆமாக்கள் வரிசையாக வந்தன. மூச்சு மெதுவானது. வயிற்றுக்குள் ஒரு சூடான கரி இருக்கிறது, அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறோம், அணைகிறது, அணைகிறது, புகை மட்டும்தான் மிச்சம். அவள் முகத்தில் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அந்த வாரம் முழுவதும் அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்க்கவில்லை. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"இப்பக் கண்ணத் தெறந்து அம்மனப் பாருங்க. அம்மனப் பாத்துச் சத்தமாச் சொல்லுங்க. எனக்கு வலி இல்ல."

"எனக்கு வலி இல்ல" என்றாள் தவமணி.

"இன்னொரு தடவ. ஊருக்கே கேக்கட்டும்."

மைக்கை அவள் வாயருகே பிடித்தார். அவள் சொன்னாள். நாலு மலைக்கும் கேட்டது. தப்பு மேளம் அடித்தார்கள். பூசாரி திருநீறு கொண்டுவந்து பூசினார். புரொபசர் அவள் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். லயத்து வாசலில் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"தவமணி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்ல?"

"எதுக்குண்ணே? வலிதான் போயிருச்சே."

"போனாலும் ஒருக்காக் காட்டிட்டு வந்திருவோம்."

"அம்மனுக்கு முன்னாடி சொல்லிட்டேன்ணே, இல்லன்னு. இப்ப ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா ஊர் என்னா சொல்லும்? சாமி முன்னாடி பொய் சொன்னவன்னு சொல்ல மாட்டாங்களா?"

பக்கத்தில் நின்ற ஒருத்தி, "ஒங்க அண்ணனுக்கு அவுங்க புரொபசர் மேலயே நம்பிக்க இல்ல போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

வேனடிக்கு வந்தேன். அவர் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்து, கோயிலில் கொடுத்த பொங்கலைத் தின்றுகொண்டிருந்தார். முந்திரிப்பருப்பை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை இலையோரம் ஒதுக்கியிருந்தார்.

"சேர், தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போயிருவா."

"வலி இல்லாதவங்க எதுக்குடா ஆஸ்பத்திரிக்கு?"

"உள்ளுக்கு என்ன இருக்கோ தெரியாதுங்களே. டிஸ்பென்சரியிலயும் போகச் சொன்னாங்க."

அவர் விரலை நக்கிக்கொண்டார். "நல்லாக் கேளு. நான் போகச் சொன்னா, வலி இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அந்த எண்ணம் அவங்க மனசுல விழுந்தா வலி திரும்பி வரும். அப்ப அது யாரு குத்தம்? ஒன் குத்தம். வெளங்குது. ஆமாவா?"

"வெளங்கலீங்க" என்றேன். என் வாழ்க்கையில் அந்த மனிதரிடம் சொன்ன முதல் எதிர்ச்சொல். சத்தம் போதவில்லையோ, கேட்டும் கேளாதது போல இருந்தாரோ தெரியாது. டிரைவரைப் பார்த்து, "போவமா?" என்றார்.

அவர் பயந்தது, ‘வலி இல்ல’ என்று தான் சொல்ல வைத்த சொல் உடைந்துவிடும் என்றுதான். அவள் வயிற்றுக்குள் என்ன உடையும் என்பது அவர் கணக்கிலேயே இல்லை.

அடுத்த நாள் அவளுக்குப் போன் எடுத்துப் பேசினேன். வேலைக்குப் போய்விட்டாள் என்றார் அவள் புருசன், என் மச்சான். அதற்கு அடுத்த நாளும் எடுத்தேன். "சும்மா தொல்ல பண்ணாதண்ணே" என்றாள். குரல் சரியில்லை. நான் பஸ்ஸிலும் ஆட்டோவிலுமாகப் போய்ச் சேர்வதற்குள் மலையில் விழுந்துவிட்டாள். செடிகளுக்கு நடுவே கொழுந்துக் கூடையோடு சரிந்து கிடந்தவளைப் பெண்கள் படங்கில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நான் போய் இறங்கிய அதே ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வந்தோம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வழி முழுவதும் முனகிக்கொண்டே வந்தாள். என்ன முனகுகிறாள் என்று காதை வைத்துக் கேட்டேன். வலி இல்ல, வலி இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவியிருந்தது. ஒப்பரேசன் செய்தார்கள். இரண்டு மூன்று நாட்கள் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். மச்சானும் நானும் வார்ட்டுக்கு வெளியே நீளமான மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு நினைவு தெளிந்ததும் டொக்டர் கேட்டார், இவ்வளவு நாள் வலிக்கவே இல்லையா என்று.

"வலிச்சுதுங்க" என்றாள் தவமணி. "கண்ண மூடிக்கிட்டு அவரு சொன்ன மாதிரியே சொல்லுவேன். கொஞ்சம் தள்ளிப் போகும். பொறவு வந்திரும். எம் மனசு சுத்தமில்ல, அதான் வருதுன்னு நெனச்சேன்."

அவளைப் பழி சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அவளே அதையும் செய்துவைத்திருந்தாள்.

ஆபத்து நீங்கிவிட்டது என்று சொன்ன பிறகு, பார்வையாளர் நேரத்தில் புரொபசர் வந்தார். கதை தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தது. அடுத்த வாரம் அவருக்கு ஸ்பிரிங்வெளியில் நிகழ்ச்சி. பையில் அப்பிளும் கையில் போனும் வைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கட்டிலருகே போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தார். படம் ஓடத் தொடங்கியது. பேஸ்புக்கில் போடுவதற்கு.

"ஒண்ணுமில்ல தங்கச்சி, ரெண்டு வார்த்த. ஒங்களாலதான் ஒப்பரேசன்வரைக்கும் தாங்குனேன்னு சொல்லணும். நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க."

அந்தக் குரலை எடுத்தார். செட் இல்லாமலும் அது வார்ட்டில் பரவியது. பக்கத்துக் கட்டில்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து அவருக்கும் அவளுக்கும் நடுவே கையை நீட்டினேன். "விடுண்ணே" என்றாள் தவமணி.

"ஒங்க பேரு தவமணி. ஆமாவா?"

"ஆமாங்க."

"இது பதுளை ஆஸ்பத்திரி. ஆமாவா?"

"ஆமாங்க."

"பக்கத்துல அண்ணன் நிக்கிறாரு. ஆமாவா?"

"ஆமாங்க."

"அன்னைக்குக் கோயில்ல வலி போச்சு. ஆமாவா?"

"போச்சுங்க."

அவர் மூச்சை மெதுவாக்கினார். எனக்குத் தெரிந்த மூச்சு. "இப்பவும் வலி இல்ல. ஆமாவா?"

தவமணி அவரைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. நாக்கால் தடவிக்கொண்டாள். ஆட்டோவில் முனகியபடியே வந்த அந்தச் சொல்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"வலிக்குதுங்க" என்றாள்.

"கண்ண மூடுங்க தங்கச்சி. மெதுவா..."

"மூட மாட்டேன். வலிக்குது." குரல் ஏறியது. "வயிறு வலிக்குது. வெட்டுன எடம் வலிக்குது. அன்னைக்கும் வலிச்சுது. கூடையத் தூக்குனப்போ வலிச்சுது, ஒக்காந்தப்போ வலிச்சுது, நீங்க சொன்னதச் சொல்லிச் சொல்லிக் கண்ண மூடுனப்பவும் வலிச்சுது." வார்ட்டின் அந்தக் கோடியில் நின்ற நர்சைப் பார்த்து, வலிக்கிறது என்பதையே சிங்களத்தில் கத்தினாள். "மிஸ்! ரிதெனவா மிஸ்!"

நர்ஸ் வந்தாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கட்டிலோரத்து அட்டையைப் பார்த்து, ஊசி எடுத்துவரப் போனாள். புரொபசர் படத்தை நிறுத்தி, இருந்ததை அழித்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்.

"ஒன் தங்கச்சிக்கிட்ட ஒத்துழைப்பு இல்ல. அதான் இவ்வளவும் ஆனது."

"போங்க" என்றேன். இந்த முறை கேட்டது. போனார். அப்பிள் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் லயத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். திருவிழாவில் அவளை மேடைக்குத் தள்ளியவர்களில் ஒருத்தியும் இருந்தாள். கட்டிலருகே நின்று, எல்லாரும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"இப்பப் பரவாயில்லயா தவமணி?"

இதற்கு எங்களிடம் பரவாயில்லை என்ற ஒரே பதில்தான் உண்டு. அதைக் கேட்டுவிட்டு, கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்படுவார்கள்.

"இல்லக்கா. வலிக்குது" என்றாள் தவமணி.

கேட்டவள் பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தவமணியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எங்கடி வலிக்குது, சொல்லு" என்றாள்.